மாரியப்பன் அமுக்குன பட்டன்

நீங்கெல்லாம் டிப்ளமோ, இன்ஜினியரிங்னு படிச்ச புள்ளைங்க. நான் அஞ்சாவதத் தாண்டாதவன். இந்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்கார அம்மா போன வாரம் போன் போட்டு, புதுசா போர்டு வேலைக்கு வந்தவங்க பத்துப் பேரு இருக்கறாங்க, வந்து உங்க அனுபவத்தச் சொல்லுங்கன்னாங்க. நான் மாட்டேன்னுதான் சொன்னனுங்க. அவுங்க விடலை. "நல்லது சொல்றதுக்கு நாங்க இருக்கறமுங்க. நீங்க அதச் சொல்லுங்க"ன்னாங்க. எதச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் வந்திருக்கறேன். நான் சுத்திச் சுத்தித்தான் வருவேன், பொறுத்துக்கங்க கண்ணு.

மொதல்ல வேற ஒண்ணு சொல்லிக்கறேன். நெருப்பெரிச்சல்னு ஒரு ஊரு, அங்க ஒரு நிட்டிங் கம்பெனி. வட்டமாச் சுத்திப் பனியன் துணி பின்ற மெஷின் எட்டு இருந்துச்சு. அதுல ஒண்ணு மட்டும் தெனமும் சாயங்காலம் நாலு மணி வாக்குல தானா நின்னுரும். ரெண்டு மெக்கானிக் வந்து பாத்துட்டுப் போய்ட்டாங்க. ஓட்டறவன், வெயில் வந்தா நிக்குதுங்கன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. உன்ற மெஷினுக்குக் கண்ணு கூசுதாடா, ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டுன்னாங்க. நான் சிரிக்கலை. ஒரு ஸ்டூலப் போட்டு மத்தியானத்துல இருந்து பக்கத்துலயே உக்காந்துட்டேன். நாலு மணிக்கு மேல சுவத்து ஜாலி ஓட்டை வழியா வெயில் எறங்குச்சு, நூல் அந்துருச்சான்னு பாக்கற சென்சார் மேல விழுந்துச்சு, மெஷின் நின்னுருச்சு. நெசமாலுமே கண்ணுதான் கூசியிருக்குது. பனியன் பொட்டி அட்டையக் கிழிச்சு மறைப்பு வெச்சேன். அவ்வளவுதான் வேலை.

அதுல இருந்து எனக்கு ஒரு பேரு. ராசண்ணன் மீட்டர எடுக்கறதுக்கு முன்னால ஆளு சொல்றதக் கேப்பாருன்னு. அந்தப் பேரு ரொம்ப வருசம் எனக்குச் சோறு போட்டுச்சு. அதக் கெடுத்ததும் நான்தான்.

கடைசியா நான் வேலை பாத்தது வேலம்பாளையத்துல ஒரு கேலண்டரிங் பட்டறை. உங்கள்ல வெளியூர்க்காரங்க இருப்பீங்க, அதனால சொல்றேன். சாயம் போட்டுக் காஞ்ச துணிய ஆவியில காட்டி, ரெண்டு பெரிய ரோலுக்கு நடுவுல விட்டுச் சுருக்கம் எடுக்கறது. ஒரு பக்கம் நின்னு ஒருத்தரு துணிய விடுவாரு, அக்கட்டால நின்னு ஒருத்தரு வாங்கி மடிப்பாரு. எங்க மெஷின்ல விடறவன் மாரியப்பன். விருதுநகர் பக்கம். வாங்கறவன் ஹரி, ஒடிசாப் பையன்னு சொல்லுவோம், ஆனா கல்யாணமாகி ரெண்டு கொழந்தை இருக்குது. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல தங்கி ஒட்டுக்காச் சமைச்சுத் திங்கறவங்க. மாரியப்பன ஹரி பாய்னுதான் கூப்புடுவான், இந்தியில அண்ணன்னு. மாரியப்பன் கொழம்புல காரம் அதிகம்னு ஹரி சண்டை போடுவான். ஹரி சோத்துல உருளைக்கெழங்கத் தவிர ஒண்ணுமே இல்லைன்னு மாரியப்பன் சண்டை போடுவான். மெஷின் ஓடற சத்தத்துல எங்களுக்குக் காது கேக்காது, இவுங்க ரெண்டு பேரு கையாட்டிச் சண்டை போடறது மட்டும் தெரியும்.

அந்த மெஷின்ல மாரியப்பன் நிக்கற பக்கம், ஆபத்துன்னா அமுக்கறதுக்கு ஒரு செவப்புப் பட்டன் உண்டு. அமுக்குனா ரோல் நிக்கணும், மேல் ரோல் தூக்கணும். அதுக்கு உண்டான எலக்ட்ரானிக் கார்டு ஒரு நாள் பொகஞ்சு போச்சு. புதுக் கார்டு வெளிநாட்டுல இருந்து வரணும், ஒரு மாசம் ஆகும்னுட்டாங்க. எக்ஸ்போர்ட் துணி மலையாட்டம் கெடக்குது. மொதலாளி என்றகிட்ட, ராசண்ணா ஏதாச்சும் பண்ணுங்கன்னாரு.

இப்ப நல்லாக் கேட்டுக்கங்க. அன்னிக்கு நான் என்ன பண்ணியிருக்கணும்னா, கார்டு வர்ற வரைக்கும் மெஷின ஓட்டாதீங்கன்னு சொல்லியிருக்கணும். அது முடியலீன்னா, பட்டன நேரா மோட்டாருக்குப் போற கான்டாக்டர் லைன்லயே சேத்திருக்கணும். அமுக்குனா கரண்டு கட், மோட்டாரு நிக்கும். நடுவுல மூளையே வேண்டாம். நாப்பது வருசமா நான் செஞ்ச வேலை அது, கண்ணக் கட்டிட்டுக் கூடச் செய்வேன். அதச் செய்யலை.

ஏன் செய்யலைன்னா, அப்பத்தான் நான் இந்தக் கடைக்கு வந்து மைக்ரோகண்ட்ரோலர்ங்கற புரோகிராம் போர்டு பழகிட்டு இருந்தேன். மெஷினெல்லாம் கார்டுல ஓட ஆரம்பிச்சதும் எங்களாட்டம் பழைய ஒயர்மேனுக்கு மரியாதை இல்லாமப் போச்சு கண்ணு. சின்னப் பசங்க லேப்டாப்போட வருவாங்க, நாங்க ஏணி புடிக்கணும். அந்த வெசனம் எனக்கு. அதனால இந்த அம்மாகிட்ட வந்து, எனக்கும் சொல்லிக் குடுங்கன்னு நின்னேன். அவுங்க ஒரு போர்டும், இந்த வெள்ளைப் பிரெட்போர்டும் எடுத்துக் குடுத்தாங்க. ஓட்டை ஓட்டையா இருக்குது, ஒயரச் சொருகினாப் போதும், ஈயம் வெக்க வேண்டியதில்லை. ஓரத்துல நீளமா ஒரு செவப்புக் கோடு, ஒரு நீலக் கோடு. கோட்டுக்கு நேரா இருக்கற ஓட்டையெல்லாம் உள்ள ஒண்ணா சேந்திருக்கும்னு சொன்னாங்க. என்ற பலகையில அந்தக் கோடு நடுவுல அரை இஞ்சுக்கு இல்லாம இருந்துச்சு. அச்சு சரியா விழுகலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். கேக்கலை. கேட்டா ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சுக்குவாங்கன்னு.

ஒரு பல்பு எரிஞ்சப்ப எனக்கு வந்த சந்தோசம் இருக்குதே, மொத மொதல்ல ஊட்டுக்குக் கரண்டு வந்தன்னிக்குக் கூட அப்படி இல்லைங்க.

அந்த சந்தோசத்துலதான் செஞ்சேன். பட்டன அமுக்குனா போர்டு பாத்துட்டு ரிலேங்கற சின்ன சுச்சத் தட்டும், மோட்டாரு நிக்கும், ரெண்டு செகண்டு கழிச்சு ரோலத் தூக்கும், பஸ்ஸர் கத்தும். கம்பெனிக் கார்டு செய்யற அத்தனையும். புரோகிராம் இந்த அம்மாதான் ஏத்திக் குடுத்தாங்க, பழகறதுக்குன்னு நெனச்சு. நான் மெஷின்ல மாட்டப் போறேன்னு சொல்லவே இல்லை. ஒயரிங் மட்டும் என்ற வேலை. பட்டன்ல இருந்து ஒரு ஒயரு போர்டுக்கு. பட்டனோட இன்னொரு காலு மெஷின் பாடிக்கு. பைக்குல, பழைய மெஷின்ல எல்லாம் அப்படித்தான் பண்ணுவோம், பாடிதான் எர்த், ஒரு ஒயரு மிச்சம். போர்டோட எர்த்த நீலக் கோட்டுல சொருகி, அதே கோட்டுல அக்கட்டால கடைசீல இருந்து ஒரு ஒயர எடுத்து மெஷின் பாடிக்குக் குடுத்துட்டேன்.

பனியன் பட்டறையில தெனமும் ஏர் அடிப்பாங்க, தெரியுமில்ல. ஷிப்ட் முடிஞ்சா ஏர் கன்ன எடுத்து மெஷின் மேல இருக்கற பஞ்சத் தூத்துவாங்க. அந்தக் காத்துக்குச் சொருகின ஒயரு கழண்டுரும்னு ஒவ்வொரு ஒயருக்கும் மெழுகு உருக்கி ஊத்தினேன். பஞ்சு போகாம டப்பாவுல வெச்சு மூடினேன். எவ்வளவு யோசனை பாருங்க. வராத கோளாறுக்கெல்லாம் காவல் போட்டேன்.

பேத்தியோட பழைய லேப்டாப்பக் கொண்டு போயிருந்தேன், பேட்டரி போனது, பிளக்குல போட்டாத்தான் ஓடும். கேபிளச் சொருகி வெச்சாத் திரையில ஒண்ணு ஒண்ணுன்னு ஓடும், பட்டன அமுக்குனா ஜீரோன்னு வரும். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசே அந்த ஒண்ணும் ஜீரோவுந்தான். மொதலாளி, மேனேஜரு, எல்லாத்தையும் நிக்க வெச்சு அமுக்கிக் காட்டினேன். ஜீரோ வந்துச்சு, ரோல் நின்னுச்சு, தூக்குச்சு, பஸ்ஸர் கத்துச்சு. கை தட்டினாங்க. மாரியப்பன் வந்து அமுக்கிப் பாத்துட்டு, "அண்ணாச்சி, இனி பயமில்ல"ன்னான். அப்பறம் கேபிளப் புடுங்கினேன். செல்போன் சார்ஜர்ல கரண்டு குடுத்தேன். டப்பாவ மூடினேன். ஊட்டுக்குப் போய்ட்டேன்.

கேபிளப் புடுங்கினதுக்கு அப்பறம் ஒரு தடவை கூட நான் அமுக்கிப் பாக்கலை.

பத்துப் பன்னெண்டு நாளு ஓடுச்சு. ஆபத்துப் பட்டன் தெனமும் அமுக்கறது இல்லை, சும்மா நிறுத்தறதுக்கு வேற பட்டன் இருக்குது, அது தள்ளி, தலைமாட்டுப் பேனல்ல. ஒரு நாள் காலையில டீ குடிச்சுட்டு வந்து மெஷின ஓட விட்டிருக்கறாங்க. துணி ஓரம் மடிஞ்சு போச்சு. ஹரி ஓரமா வந்து, ரோலுக்குள்ள போற துணியில கைய வெச்சு இழுத்திருக்கறான். கையோட உள்ள போய்ருச்சு.

நான் பாய்லர் ரூம்ல இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வர்றதுக்குள்ள மாரியப்பன் சுவத்து மெயின் சுச்ச ஆப் பண்ணிட்டான். மூணு வெரலு போச்சுங்க. சோத்துக் கை.

ஆசுபத்திரியில ஹரி சொன்னது என்னன்னா, கை மாட்டினதும் அவன் கத்தியிருக்கறான். மாரியப்பன் பட்டனுக்கிட்டயே இருந்தான். என்னையப் பாத்துட்டே நின்னான், அமுக்கலை, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் ஓடினான்னு. மாரியப்பன் சொன்னது, நான் அமுக்குனேன், மெஷின் நிக்கலைன்னு.

மேனேஜரு என்னையத்தான் கூப்பிட்டாரு. நான் என்ன பண்ணினேன்? லேப்டாப்ப எடுத்துட்டு வந்தேன். டப்பாவத் தொறந்தேன். மெழுகு அப்படியே இருக்குது, ஒரு ஒயரு கூட அசையலை. கேபிளச் சொருகினேன். அமுக்குனேன். ஜீரோ. ரோல் நின்னுச்சு. மறுக்கா அமுக்குனேன். நின்னுச்சு. பத்துத் தடவை அமுக்குனேன், பத்துத் தடவையும் நின்னுச்சு. மேனேஜரு, சுத்தி முப்பது பேரு, மாரியப்பன் எல்லாரும் பாத்துட்டு நிக்கறாங்க.

மாரியப்பன் என்ற மொகத்தப் பாத்து, "அண்ணாச்சி, நான் ரெண்டு கையாலயும் அமுக்குனேன்"னான்.

நான் சொன்னேன், "பட்டன் வேலை செய்யுதப்பா. பயத்துல அமுக்குனாப்புல இருந்திருக்கும்"னு.

பொய் சொல்றேன்னு நான் சொல்லலை. அதவிட மோசமாச் சொல்லிட்டேன். அவனுக்கே அவன் மேல சந்தேகம் வர்ற மாதிரி சொல்லிட்டேன். அந்த எடத்துல அவன் கையப் பாத்தான் கண்ணு, அவன் கைய. அமுக்குச்சா இல்லையான்னு கைகிட்டயே கேக்கற மாதிரி. வெயில்ல மெஷின் நிக்குதுன்னு ஒருத்தன் சொன்னப்ப ஸ்டூலு போட்டு உக்காந்தவன்தானே நான். ஏன் அன்னிக்கு உக்காரலை? அது ஊரான் மெஷினு. இது நான் செஞ்சது. அதுதான் வித்தியாசம்.

மாரியப்பன வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. ரூமுக்குப் போனா அங்க ஹரியோட ஊர்க்காரங்க அஞ்சாறு பேரு. யாரும் அவனோட பேசலை. மறுநாளே பையத் தூக்கிட்டுப் போய்ட்டான். ஹரிய அவங்க அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போனாரு. போறப்ப மாரியப்பன் ரயிலடிக்கு வந்திருக்கறான். ஹரி மொகத்தத் திருப்பிக்கிட்டான்னு சொன்னாங்க.

கம்பெனிக் கார்டு வந்துச்சு, மாட்டினோம். இந்த வெள்ளைப் பலகைய நான் ஊட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். ஒரு மாசம் இருக்கும், பக்கத்துப் பட்டறைக்காரரு, எங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்கன்னு கேட்டாரு. சரி, சாமான் வாங்கலாம்னு பலகையத் தூக்கிட்டு இங்க வந்தேன்.

இந்த அம்மா மேசை மேல வெச்சுப் பாத்தாங்க. மெஷின்ல இருந்த பட்டனுக்குப் பதிலா ஒரு பட்டனும், ரிலே தட்டினா எரியற மாதிரி ஒரு சின்ன வெளக்கும் மாட்டினாங்க. அப்பறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "நீங்க டெஸ்ட் பண்றப்ப லேப்டாப் கேபிள் சொருகியிருந்துதுங்களா?"

ஆமாங்கன்னேன்.

"எல்லாத் தடவையுமா?"

ஆமாங்க, ஜீரோ வர்றதப் பாக்கோணுமில்லன்னேன்.

அவுங்க பாடிக்குப் போற ரெண்டு ஒயரையும் ஒரு கிளிப்புல ஒண்ணாச் சேத்தாங்க, அதுதான் மெஷின் பாடின்னு வெச்சுக்கங்கன்னாங்க. செல்போன் சார்ஜர்ல கரண்டு குடுத்தாங்க. இப்ப அமுக்குங்கன்னாங்க. அமுக்குனேன். ரிலே தட்டலை. வெளக்கு எரியலை. இன்னும் நல்லா அமுக்குனேன். எரியலை.

அப்பறம் அவுங்க லேப்டாப்பப் பிளக்குல போட்டு, கேபிளச் சொருகினாங்க. அந்தக் கிளிப்பப் பிளக்குல இருக்கற எர்த்தோட சேத்தாங்க, மெஷின் பாடியும் இப்படித்தான் எர்த்தோட சேந்திருக்கும்னு. அமுக்குனேன். டக்குன்னு தட்டுச்சு.

மீட்டர வெச்சு அந்த நீலக் கோட்ட அளந்து காட்டினாங்க. கோடு அழிஞ்சு போனது இல்லைங்க. அங்க நெசமாவே பலகை ரெண்டாப் பிரிஞ்சிருக்குது. இந்தப் பாதிக்கும் அந்தப் பாதிக்கும் சம்பந்தமில்லை. சில பலகை அப்படித்தான் வருமாம். என்ற போர்டோட எர்த்து மெஷின் பாடியோட ஒரு நாளும் சேரவே இல்லை. லேப்டாப்போட மூணு பின் பிளக்கு வழியா எர்த்து சுத்தி வந்து சேந்திருக்குது. நான் சோதிக்கக் கொண்டு போன சாமானே கோளாறச் சரி பண்ணிருக்குது. நான் அக்கட்டப் போனதும் கோளாறு திரும்பி வந்திருக்குது.

அந்த அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க, மெதுவாத்தான் சொன்னாங்க. "ஒரு ஒயரு அந்து போனா மெஷின் நிக்கற மாதிரி வெக்கோணுமுங்க. நீங்க ஓடற மாதிரி வெச்சிருக்கீங்க." நாப்பது வருச ஒயர்மேன். எனக்குத் தெரியாத விசயமா அது?

அப்பறந்தான் எனக்கு ஒறைச்சுச்சு. மாரியப்பன் நின்னான், நின்னான்னு ஹரி சொன்னானே. ஹரி இருந்த எடத்துல இருந்து அவன் மொகந்தான் தெரியும், கை தெரியாது. நின்னுட்டு அமுக்கிட்டே இருந்திருக்கறான். நிக்கும் நிக்கும்னு நம்பி அமுக்கியிருக்கறான். நான்தானே பயமில்லைன்னு காட்டினேன். அந்தப் பட்டனே அங்க இல்லாம இருந்திருந்தா, அவன் மொதல்லயே மெயின் சுச்சுக்கு ஓடியிருப்பான். ஒரு வெரலாச்சும் மிஞ்சியிருக்கும்.

மேனேஜருகிட்டப் போய்ச் சொன்னேன். முடிஞ்சு போனதக் கிளறாதீங்க ராசண்ணா, எழுதிக் குடுத்து எல்லாம் முடிச்சாச்சுன்னாரு. டீ நேரத்துல எல்லாரும் இருக்கறப்ப நானே நடுவுல நின்னு சொல்லிட்டேன், மாரியப்பன் அமுக்கினான், என்ற பட்டன்தான் வேலை செய்யலைன்னு.  ஹரியோட ஊர்ப் பையன் ஒருத்தன் மட்டும் டம்ளரக் கீழ வெச்சுட்டு வெளிய போய்ட்டான். அன்னியோட நானும் வேலைய விட்டுட்டேன்.

மாரியப்பன் கணியூர்ப் பக்கம் தேங்கா உரிக்கற களத்துல இருக்கறான்னு விசாரிச்சுப் போனேன். ஞாயித்துக்கெழமை காலையில. பலகையத் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனேன். அவன் என்னையப் பாத்ததும் வாங்க அண்ணாச்சின்னுதான் சொன்னான். தண்ணி குடுத்தான். நான் மன்னிச்சுக்கன்னு எல்லாம் சொல்லலை. களத்து ரூம்ல ஒரு பிளக்கு இருந்துச்சு. சார்ஜரச் சொருகி, ரெண்டு ஒயரையும் கிளிப்புல சேத்து, அமுக்கிப் பாருன்னேன்.

அமுக்கினான். எரியலை. மறுக்கா அமுக்கினான். கட்டை வெரல மாத்தி அமுக்கினான். அப்பறம் ரெண்டு கையாலயும் அமுக்கினான். நான் போதும்ப்பான்னேன். அவன் நிறுத்தலை.

அப்பறம் பட்டன்ல இருந்து கைய எடுத்துட்டு, "இத ஹரிகிட்டக் காட்டுனீங்களா?"ன்னான்.

இல்லைன்னேன்.

"என் போன அவன் எடுக்க மாட்டான் அண்ணாச்சி. நீங்க போடுங்க."

நான் வீடியோல கூப்பிட்டேன். ஹரி எடுத்தான். மெலிஞ்சு போயிருந்தான். எனக்கு இந்தி வராது, அவனுக்குத் தமிழ் அரைகொறை. நான் ஒண்ணும் சொல்லாம போன பலகைப் பக்கம் திருப்பிட்டேன். மாரியப்பன் கை மட்டும் அவனுக்குத் தெரியும். அந்தக் கை அமுக்குச்சு. எரியலை. அரை இஞ்சு ஒயரு ஒண்ண எடுத்து அந்தப் பிரிஞ்ச எடத்துல பாலமாட்டச் சொருகினேன். கை அமுக்குச்சு. டக்குன்னு எரிஞ்சுச்சு. ஒயரப் புடுங்கினேன். கை அமுக்குச்சு. எரியலை.

  ஹரி போனக் கண்ணுக்கிட்டக் கொண்டு வந்து பாத்தான். அப்பறம், "பாய், அன்னிக்கு எத்தன வாட்டி அமுக்கினே?"ன்னு கேட்டான்.

மாரியப்பன், "எண்ணலடா"ன்னான்.

அவன் என்ற கையில இருந்து போன வாங்கிட்டு மட்டைக் குவியலுக்கு அந்தப் பக்கம் போய்ட்டான். என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. அது எனக்கான பேச்சு இல்லை. ரொம்ப நேரம் கழிச்சு வந்து போனக் குடுத்தான். கண்ணு செவந்திருந்துச்சு. "பஸ் இப்ப வந்துரும், கெளம்புங்க அண்ணாச்சி"ன்னான். மறுபடி வாங்கன்னு சொல்லலை. சொல்லவும் வேண்டியதில்லை.

துண்டுல சுத்தி மேசை மேல வெச்சிருக்கறது அதுதான். மெழுகு கூட அப்படியே இருக்குது, ஒண்ணையும் நான் சரி பண்ணலை. சார்ஜர்லதான் ஓடுது. ஒவ்வொருத்தரா வந்து அமுக்கிப் பாத்துட்டுப் போங்க கண்ணு.